காலம் தப்பிக் கேட்கும் சட்டம்

2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் நான்காம் பின்னிணைப்பு, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்கிறது. அதில் ஒரு விதி: கூட்டத்தைத் தொடங்க இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகக் கணக்கு. பத்தாயிரம் பேர் திரண்டு, ஒருவர் விடாமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாலும் கூட்டம் நடந்ததாகத்தான் கணக்கு. சம்மதம் வாங்குவதற்கான கூட்டமல்ல அது. கருத்தைப் பதிந்துகொள்வதற்கானது மட்டுமே.

இந்த ஒரு விதியைக் காட்டி, கருத்துக்கேட்பு என்பதே கண்துடைப்பு என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. எதிர்ப்பக்கத்தில், கருத்துக்கேட்பால்தான் தொழில் முடங்குகிறது, அதைச் சுருக்குவதே சீர்திருத்தம் என்போரும் உண்டு. இரு தரப்போடும் எனக்கு உடன்பாடில்லை. நம் சுற்றுச்சூழல் அனுமதி முறையின் பெரிய பழுது அது கேட்கும் நேரத்தில் இருக்கிறது என்பது என் வாதம். இடம் முடிவான பிறகு ஒருமுறை கேட்கிறது. ஆலை ஓடத் தொடங்கிய பிறகு கேட்பதே இல்லை. சீர்திருத்தம் என்று எதைக் கொண்டுவந்தாலும் இந்த இரண்டு முனைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமும் 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டமும் ஆலைகளுக்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையைக் கட்டாயமாக்கின. நிறுவ ஒன்று, இயக்க ஒன்று. போபால் நச்சுவாயுக் கொடுமைக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1994இல் முதல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. 1997இல் அதில் கருத்துக்கேட்பு சேர்க்கப்பட்டது. 2006இல் இப்போதைய அறிவிக்கை. பெரிய திட்டங்கள் ‘ஏ’ பிரிவில் மத்திய அமைச்சகத்துக்கும், மற்றவை ‘பி’ பிரிவில் மாநில ஆணையத்துக்கும் போகும். ‘பி2’ என்று வகைப்படுத்திவிட்டால் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம், கருத்துக்கேட்பும் வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த ஏற்பாட்டின் பெரும்பகுதி நாடாளுமன்றத்தில் விவாதித்து நிறைவேற்றிய சட்டமல்ல என்பது. அமைச்சகம் அரசிதழில் வெளியிட்ட அறிவிக்கை. அதனால்தான் அடுத்தடுத்த அறிவிக்கைகளாலும், அதையும் விட எளிதாக, ஓர் அலுவலகக் குறிப்பாணையாலும் அதைத் திருத்த முடிகிறது. ஒரு கிராமத்தின் கேட்கப்படும் உரிமை, யாரும் விவாதிக்காத இரண்டு பக்கக் கடிதத்தில் போய்விடக்கூடும். அப்படிப் போயிருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது குறைவானதல்ல. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரோ தலைமை ஏற்க வேண்டும். நிகழ்வு முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். பேசியவற்றின் தொகுப்பைக் கூட்ட முடிவில் அந்த ஊர் மொழியிலேயே படித்துக்காட்டி, ஆட்சியர் அன்றைக்கே கையெழுத்திட வேண்டும்.

மனு நாளில் ஆட்சியர் அலுவலக வாசலில் வரிசையில் நின்று பழகிய ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கல்யாண மண்டபம் அல்லது சாமியானாப் பந்தல். மேடையில் ஆட்சியரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளரும். பக்கத்தில் ஒரு திரை. ஆலோசனை நிறுவனத்தின் ஆள் படம் போட்டு, தூசி இத்தனை மைக்ரோகிராம், இரைச்சல் இத்தனை டெசிபல் என்று வாசித்துவிட்டு உட்காருகிறார். பிறகு மைக் கீழே வருகிறது. ஒரு விவசாயி எழுந்து, நீங்கள் ‘பருவகால ஓடை’ என்று எழுதியிருப்பது எங்கள் ஏரிக்கு வரும் ஒரே வரத்துக்கால் என்கிறார். ஒரு பெண், வெடி வைத்தால் எந்தெந்த வீட்டுச் சுவர் விரியும் என்று கதவு எண்ணோடு சொல்கிறார். அறிக்கையில் இல்லாத இந்தத் தகவல்கள் அரசு ஆவணமாகும் இடம் நம் நிர்வாகத்தில் இது ஒன்றுதான்.

அந்த ஆவணத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பும் உண்டு. கோவாவின் சுரங்கத் திட்டம் ஒன்றைப் பற்றிய உத்கர்ஷ் மண்டல் வழக்கில் 2009 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், கருத்துக்கேட்பில் எழுப்பிய ஆட்சேபங்களை நிபுணர் மதிப்பீட்டுக் குழு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஏற்றாலும் தள்ளினாலும் காரணம் எழுத வேண்டும் என்றது. சுரங்க நிறுவனங்களில் இயக்குநராக இருந்த ஒருவரே சுரங்கத் திட்டங்களை ஆராயும் குழுவுக்குத் தலைவராக இருந்ததையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது. கூட்டத்தில் பேசியவர்களின் சொல் பதிவாகி இருந்ததால்தான், அதை யாரும் பொருட்படுத்தவில்லை என்று நிறுவ முடிந்தது. கண்துடைப்பு என்று கருத்துக்கேட்பை அடியோடு தள்ளுவோருக்கு என் பதில் இது.

இனி பழுதுக்கு வருவோம். கருத்துக்கேட்பு நடக்கும்போது என்னென்ன முடிவாகியிருக்கும்? இடம் முடிவாகியிருக்கும். பெரும்பாலும் நிலத்துக்கான அறிவிப்பு வந்திருக்கும், பாதி நிலம் வாங்கியும் ஆகியிருக்கும். வங்கிக் கடனுக்குப் பேச்சு நடந்திருக்கும். முதலமைச்சரோ அமைச்சரோ மேடையில் அறிவித்திருப்பார். மாற்று இடங்களை ஆராய்ந்த விவரம் அறிக்கையில் ஓர் அத்தியாயமாக இருக்க வேண்டும் என்பது விதி. தேர்ந்த இடத்துக்கு நியாயம் சொல்ல எழுதப்படும் அத்தியாயம் என்பதை வாசித்தவர்கள் அறிவார்கள். இந்த நிலையில் ஒரு மனிதர் மைக்கைப் பிடித்து, இங்கே வேண்டாம் என்று சொன்னால், அவருடைய சொல்லுக்குப் போக இடமில்லை. கூடுதலாக நாலு மரம், கொஞ்சம் தூசித் தடுப்பு, ஒரு சமுதாயக் கூடம் என்று நிபந்தனைகளாக அது சுருங்கிவிடும்.

சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை வழக்கு இந்தக் கேள்வியை நேராகவே எழுப்பியது. 277 கிலோமீட்டர் சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிப்புகளை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் நிலம் எடுக்கத் தொடங்கியது அதன் முக்கியமான காரணங்களில் ஒன்று. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிலமெடுப்பு அறிவிப்பு வெளியிட முன் அனுமதி தேவையில்லை, சாலைப் பணி தொடங்கும் முன் வாங்கினால் போதும் என்றது. இருக்கும் சட்டத்தை வாசித்தால் அப்படித்தான் வாசிக்க முடியும் என்று வாதிடலாம். ஆனால் அப்படி வாசிக்க இடம் தரும் சட்டம், கல் நட்ட பிறகு வயல்காரரிடம் கருத்துக் கேட்கும் சட்டம். அதைத்தான் திருத்த வேண்டும்.

தூத்துக்குடியில் இதைவிட மோசமாக நடந்தது. 2006 அறிவிக்கை, அனுமதி பெற்ற தொழிற்பேட்டைகளுக்குள் அமையும் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு தருகிறது. பேட்டைக்கே ஒருமுறை கேட்டாயிற்று, ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனியாக எதற்கு என்பது அதன் தர்க்கம். பேட்டைக்கு உண்மையிலேயே முழு மதிப்பீடு நடந்திருந்தால் அது நியாயமான தர்க்கமும்கூட. நடக்காத இடத்தில் அது ஓட்டை. தாமிர உருக்காலையின் இரண்டாம் அலகு விரிவாக்கம் அந்த வழியாகக் கருத்துக்கேட்பில்லாமல் போனது. 2018 மே 22 அன்று, ஆலையை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு. 13 பேர் உயிர் போனது. மே 23 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விரிவாக்கப் பணிகளை நிறுத்தி, கருத்துக்கேட்பு நடத்திய பிறகே அனுமதியைப் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்ததைச் சட்டப்படி கேட்டாக வேண்டும் என்ற உத்தரவு, சூடு நடந்த மறுநாள் வந்தது.

பேட்டையாக இருந்தாலும் கடற்கரையாக இருந்தாலும், ஒவ்வொரு திட்டத்தையும் தனியாக எடுத்து அளக்கும் முறை ஓர் ஊரின் மொத்தச் சுமையைப் பார்ப்பதில்லை. எண்ணூரைப் பாருங்கள். கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தைச் சுற்றி அனல்மின் நிலையங்கள், சாம்பல் குளங்கள், நிலக்கரி இறக்கும் துறைமுகம், எண்ணெய்க் கிடங்குகள், உர ஆலை, சற்றுத் தெற்கே மணலியில் பெட்ரோலிய ஆலைகள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தது. மீனவர்கள் படகிலும் வலையிலும் படிந்த எண்ணெயைத் துடைத்து முடிப்பதற்குள், அதே மாதம் 26ஆம் தேதி இரவு அமோனியாக் கசிவு. புதிதாக ஒரு திட்டத்துக்கு அனுமதி கேட்டு வருகிற அறிக்கை, தன் புகைபோக்கியிலிருந்து வரும் கூடுதல் மாசு இவ்வளவுதான், அது வரம்புக்குள் இருக்கிறது என்று கணக்குக் காட்டும். ஒவ்வோர் அறிக்கையும் தனித்தனியே சரி. எல்லாம் சேர்ந்த காற்றைத்தான் எண்ணூர்க் குழந்தை மூச்சிழுக்கிறது.

இந்தியா ஒருமுறை இதற்கு மாறான வழியில் நடந்து பார்த்தது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 88 தொழில் தொகுதிகளை ஒருங்கிணைந்த மாசுக் குறியீட்டால் அளந்து, 43 இடங்களைக் கடும் மாசுப் பகுதிகள் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் மணலி, கடலூர், வேலூர், கோவை ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. 2010 ஜனவரியில் அந்த இடங்களில் புதிய திட்டங்களுக்கும் விரிவாக்கங்களுக்கும் அனுமதி வழங்குவதே நிறுத்திவைக்கப்பட்டது. திட்டத்தைக் கேட்கும் முன் இடத்தைக் கேட்டார்கள்: இன்னும் தாங்குவாயா என்று. தடை படிப்படியாக விலக்கப்பட்டது. சீர்திருத்தம் பேசும் எவரும் அந்தப் பழைய குறிப்பாணையை எடுத்து வாசிக்க வேண்டும். அடிப்படை சரியாக இருந்தது. அதற்குச் சட்ட பலம்தான் இல்லை.

திட்டமிடலை விட்டுவிட்டு அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்து ஒரு பாடம். 1991இல் அங்கே வந்த வள மேலாண்மைச் சட்டம் நிலம், நீர், காற்று, கடற்கரை எல்லாவற்றையும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. உலகமே அதைப் பாராட்டியது. ஆனால் தேசிய அளவிலான தரங்களை வகுக்கும் வேலையை மத்திய அரசு நெடுங்காலம் செய்யாமல் போட்டுவைத்தது. விளைவு, எதை எங்கே செய்யலாம் என்ற பெரிய கேள்விகள் எல்லாம் ஒவ்வோர் அனுமதி மனுவிலும் திரும்பத் திரும்பச் சண்டையாயின. வீட்டு விலை ஏற்றத்துக்கும் தாமதத்துக்கும் சட்டம் பழி சுமந்தது. இன்னொரு பக்கம் ஆறுகளும் மோசமாயின. ஓய்வுபெற்ற நீதிபதி டோனி ராண்டர்சன் தலைமையிலான குழு 2020இல், இதை விலக்கிவிட்டுப் புதுச் சட்டங்கள் இயற்றச் சொன்னது. 2023இல் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஆட்சி மாறியது, அதே ஆண்டு டிசம்பரில் அவை ரத்தாயின. 2024இல் வந்தது விரைவு அனுமதிச் சட்டம். பொதுமக்களுக்கு அறிவித்து யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லும் வழி அதில் இல்லை. குறிப்பிட்ட சிலரிடம் மட்டும் கேட்பார்கள். முன்கூட்டியே திட்டமிடாத அரசு கடைசியில் கேட்பதைத்தான் வெட்டுகிறது. நாம் அந்தப் பாதையில் பாதி தூரம் போயிருக்கிறோம்.

ஆகவே, ஒரு மாவட்டத்தில், ஓர் ஆற்றுப் படுகையில், ஒரு கடற்கரைத் துண்டில் எவ்வளவு தாங்கும், எது கூடாது என்று முதலில் அளந்து, அந்த அளவீட்டின் மீது மக்களிடம் கேட்க வேண்டும் என்பதை நான் முதன்மையாக வைக்கிறேன். அந்தக் கட்டத்தில் நிலம் எதுவும் கைமாறியிருக்காது. எந்த நிறுவனத்தின் பெயரும் அடிபட்டிருக்காது. ‘வளர்ச்சிக்கு எதிரி’ என்று யாரையும் சொல்ல வேண்டிய தேவை வராது. அப்படி வகுத்த திட்டத்துக்குப் பொருந்தி வரும் தொழிலுக்கு அனுமதி விரைவாகக் கிடைக்கட்டும். பொருந்தாததற்கு வாசலிலேயே பதில் கிடைக்கட்டும். தொழில்முனைவோருக்கும் இது நல்லது. நிலத்தில் பணத்தைப் போட்ட பிறகு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்பதைவிட, இந்த இடம் ஆகாது என்று முதல் மாதமே தெரிவது எவ்வளவோ மேல்.

அறிக்கையை யார் எழுதுகிறார்கள் என்பது அடுத்தது. திட்ட நிறுவனம் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துகிறது. பணமும் அதுவே தருகிறது. அறிக்கை எதிர்மறையாக வந்தால் அடுத்த வேலை யாரிடமிருந்து வரும்? ஆலோசனை நிறுவனங்களுக்கு அங்கீகார முறை வந்த பிறகும் இந்தப் பண உறவு மாறவில்லை. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் தரவுகள் அப்படியே இருந்தது அம்பலமானது. கோவாவின் மோப்பா விமான நிலைய வழக்கில், சுற்றியுள்ள காடுகளையும் சூழல் உணர்திறன் மிக்க பகுதிகளையும் பற்றிய விவரங்களை விண்ணப்பம் சொல்லாமல் விட்டதைக் காட்டி 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதியை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டே கூடுதல் நிபந்தனைகளோடு தடை நீங்கியது. 2016ஆம் ஆண்டுக்கான தணிக்கை அறிக்கை ஒன்றில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரும், கொடுக்கப்பட்ட ஆய்வு வரையறைக்கு ஒத்துவராத மதிப்பீட்டு அறிக்கைகளைச் சுட்டிக்காட்டினார். திட்ட நிறுவனம் கட்டணத்தை ஒரு பொது நிதியில் செலுத்தட்டும். யார் ஆய்வது என்பதை அனுமதி வழங்கும் ஆணையம் முடிவு செய்யட்டும். இதற்குப் பெரிய சட்டப் புலமை தேவையில்லை, மனம்தான் வேண்டும்.

நேர்மையாக எழுதிய அறிக்கையும் தவறும் இடம் ஒன்றுண்டு. பொதுவான ஆய்வு வரையறைகள் அடிப்படைத் தரவை மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் எடுத்தால் போதும் என்கின்றன. தென்மேற்குப் பருவமழையை மனத்தில் வைத்து எழுதிய ஏற்பாடு போலும். மழையில் தூசி அடங்கிவிடும், காற்றின் தரம் சரியாகத் தெரியாது என்பது காரணம். காற்றுக்குச் சரி. தண்ணீருக்கு? கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் வடசென்னையிலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நிலம் தன் உண்மையான உருவத்தைக் காட்டும். மார்ச் மாதம் போய் நின்று பார்த்தால் கழிவெளி வெறும் தரிசாகத் தெரியும். ‘தரிசு நிலம், குடியிருப்பு இல்லை’ என்று எழுதிவிட்டு வந்துவிடலாம். பழவேற்காட்டில் மீனவக் கிராமங்கள் ஏரி நீரைப் பாடுகளாகப் பிரித்து முறை வைத்து வலை கட்டுகின்றன. யாருக்கு எந்தப் பாடு, எந்த நாள் என்பது தலைமுறைகளாக வந்த ஏற்பாடு. பட்டாவில்லாத இந்த உரிமையை நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் குறிக்க நிறம் இல்லை. கருத்துக்கேட்பில் மீனவர் ஒருவர் எழுந்து சொன்னால்தான் அது பதிவாகும். கருத்துக்கேட்பை நீக்கினால் அதுவும் போயிற்று.

மொழி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்கள், ஆங்கிலத்தில். மக்கள் கைக்கு வருவது தமிழில் ஒரு சுருக்கம். நிலத்தடி நீர்மட்டம் பற்றிய அட்டவணையோ, காற்று எந்தத் திசையில் எத்தனை நாள் வீசும் என்ற படமோ சுருக்கத்தில் இருக்காது. 2020இல் புதிய அறிவிக்கையின் வரைவை அரசு வெளியிட்டபோது, அதை எட்டாம் அட்டவணை மொழிகளிலெல்லாம் மொழிபெயர்க்க டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது; அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வரைவு, கருத்துச் சொல்லும் அவகாசத்தை 30 நாளிலிருந்து 20ஆகக் குறைக்க முனைந்தது. லட்சக்கணக்கில் ஆட்சேபங்கள் குவிந்தன. வரைவு இறுதி வடிவம் பெறவில்லை. அதனால் நிம்மதி அடைந்தோம். நிம்மதி தவறு. வரைவில் இருந்த பல எண்ணங்கள் தனித்தனிக் குறிப்பாணைகளாகவும் திருத்தங்களாகவும் வந்துகொண்டே இருக்கின்றன.

எண்ணெய், எரிவாயுக்கான ஆய்வுக் கிணறுகள் 2020 ஜனவரியில் ஒரு திருத்தத்தால் பி2 பிரிவுக்கு மாற்றப்பட்டன, கருத்துக்கேட்பு போயிற்று. காவிரிப் படுகையில் எழுந்த கொதிப்பில் அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் அந்தச் சட்டம் ஏற்கெனவே இயங்கிவந்த கிணறுகளைத் தொடவில்லை, மண்டலத்துக்கு வெளியே செல்லாது. 2025இல் ராமநாதபுரம் பகுதியில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு மாநில ஆணையமே அனுமதி தந்துவிட்டது வெளியே தெரிந்து, மாநில அரசு அதைத் திரும்பப் பெறச் சொல்ல வேண்டி வந்தது. பக்கத்து ஊர்க்காரருக்கு அனுமதி பற்றித் தெரிந்ததே செய்தித்தாளில்தான். 2025 செப்டம்பரில் ஒரு குறிப்பாணை, அணுக் கனிமங்களுக்கும் முக்கிய, உத்திசார் கனிமங்களுக்குமான சுரங்கங்களைக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கியது. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் குறிப்பாணையைப் படியுங்கள். நாட்டுக்கு அந்தக் கனிமங்கள் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. தேவை பெரிதாக இருக்கும் இடத்தில்தான் கேட்க வேண்டிய கடமையும் பெரிது.

தொழில் தரப்பின் குறைகளில் உண்மை இல்லாமலில்லை. ஒரே திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி, வன அனுமதி, கடற்கரை ஒழுங்குமுறை அனுமதி, வாரியத்தின் இரண்டு இசைவாணைகள் என்று அலைய வேண்டியிருந்தது. ஒரே தகவலை ஐந்து படிவத்தில் நிரப்புவதால் எந்த ஆறும் சுத்தமாகப்போவதில்லை. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலைக்கு நிறுவுவதற்கான இசைவாணை தனியாக வேண்டாம் என்று 2024 நவம்பரில் வந்த மாற்றத்தை, மாநில வாரியத்தின் கருத்தை முன்கூட்டியே கேட்டுப் பெறும் வரை, நான் வரவேற்கிறேன். ஆனால் வேகத்தையே தரமாக எடுத்துக்கொள்வது வேறு. 2022 ஜனவரியில் மத்திய அமைச்சகம் மாநில ஆணையங்களுக்கு நட்சத்திர மதிப்பெண் தரும் ஏற்பாடு ஒன்றை அறிவித்தது. சீக்கிரம் அனுமதி தந்தால் மதிப்பெண். கூடுதல் விவரம் கேட்காமல் முடித்தால் மதிப்பெண். நேரில் போய்ப் பார்த்த திட்டங்கள் பத்து விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் அதற்கும் மதிப்பெண். இடத்தைப் போய்ப் பார்க்காத அதிகாரிக்குப் பரிசு கொடுக்கும் நிர்வாகத்தை என்னால் எப்படியும் நியாயப்படுத்த முடியவில்லை.

இரண்டாம் முனைக்கு வருகிறேன். யாரும் அதிகம் பேசாத முனை இது. ஆலை ஓடத் தொடங்கிய பின் சட்டம் யாரையும் கேட்பதில்லை. நிறுவனம் ஜூன் 1இலும் டிசம்பர் 1இலும் அரையாண்டு அறிக்கை அனுப்பும். நிபந்தனைகளை நிறைவேற்றினேனா என்பதைத் தானே எழுதும். இயக்குவதற்கான இசைவாணையை வாரியம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும். அது அலுவலகத்துக்குள் நடக்கும் கோப்பு வேலை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் புகைபோக்கி எந்த நிறத்தில் புகைவிடுகிறது, மழை நாளில் எந்த வாய்க்காலில் சாயம் கலந்து வருகிறது என்பது சுற்றுச்சுவரை ஒட்டிக் குடியிருப்பவருக்குத்தான் தெரியும். திட்டம் காகிதத்தில் இருக்கும்போது அவர் பேசியது அச்சம். ஐந்தாண்டு கழித்து அவர் பேசுவது சாட்சியம். அச்சத்தைப் பதிந்துகொள்ள மண்டபம் பிடிக்கிறோம், சாட்சியத்தைக் கேட்க ஒரு மேசைகூடப் போடுவதில்லை. ஒவ்வோர் இசைவாணைப் புதுப்பிப்புக்கு முன்பும் அதே ஊரில், அதே ஆட்சியர் தலைமையில், அதே வீடியோப் பதிவோடு ஒரு கேட்பு நடக்க வேண்டும். தீர்மானிக்கும் அதிகாரி ஒவ்வொரு புகாருக்கும் காரணத்தோடு பதில் எழுத வேண்டும். ஒழுங்காக நடக்கும் ஆலைக்கு இதில் அஞ்ச எதுவுமில்லை.

அனுமதியே வாங்காமல் கட்டிவிட்டுப் பின்னால் அனுமதி கேட்பவர்களை என்ன செய்வது? 2017இல் ஓர் அறிவிக்கையும் 2021இல் ஒரு குறிப்பாணையும் அதற்கு வழி திறந்தன. பின்தேதி அனுமதி சுற்றுச்சூழல் நீதிக்கு அந்நியமானது என்று 2020இல் ஒரு வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 மே மாதம் வனசக்தி வழக்கில் அவை இரண்டையும் ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பரில் மூவர் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. கட்டி முடித்தவற்றை இடித்தால் பொதுப் பணம் வீணாகும் என்ற கவலை அதன் பின்னணியில் இருந்தது. அந்தக் கவலை புரிகிறது. ஆனால் விதிக்குக் கட்டுப்பட்டு வரிசையில் நின்ற நிறுவனத்தைவிட, விதியை மீறிக் கட்டி அபராதம் செலுத்தும் நிறுவனம் முந்திக்கொள்கிறது என்றால், அடுத்தவர் ஏன் வரிசையில் நிற்பார்? கட்டிய பிறகு நடத்தும் கருத்துக்கேட்பில் பேச என்ன இருக்கிறது? சட்டத்திலேயே ஒரு தேதியைக் குறித்து, அதற்குப் பின் பின்தேதி அனுமதி கிடையாது என்று கதவைச் சாத்த வேண்டும்.

கேட்பது போதுமா, சம்மதம் வேண்டாமா என்று கேட்கலாம். ஒடிசாவின் நியமகிரி மலையில் 2013இல் உச்ச நீதிமன்றம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை வைத்து, பாக்சைட் சுரங்கம் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பைக் கிராம சபைகளிடம் விட்டது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. பழங்குடி நிலத்துக்கு இந்த உரிமை கட்டாயம் வேண்டும், அதை இன்னும் வலுப்படுத்த வேண்டும். எல்லா ஊருக்கும் எல்லாத் திட்டத்துக்கும் தடுப்பு அதிகாரம் தர முடியுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைக்கூட எந்தத் தெருவும் தன் பக்கத்தில் விரும்பாது. அத்தகைய இடங்களில் ஊர் மறுத்தால் திட்டம் தானாக நின்றுவிட வேண்டியதில்லை. ஆனால் அதை மீறி அனுமதி தருபவர், ஏன் மீறுகிறேன் என்று அந்த ஊர் மொழியில் எழுதி, தன் பெயரில் கையெழுத்திட வேண்டும். அனுமதி ஆணைகளில் இன்று வரும் ‘கருத்துக்கேட்பில் எழுந்த பிரச்சினைகளுக்குத் திட்ட நிறுவனம் உரிய பதில் அளித்துள்ளது’ என்ற ஒற்றை வரி ஒழிய வேண்டும்.

இவையெல்லாம் குறிப்பாணையால் வரக் கூடாதவை. வந்தால் இன்னொரு குறிப்பாணையால் போய்விடும். நாடாளுமன்றம் இயற்றும் ஒரு சட்டமாக வர வேண்டும். சுதந்திரமான தேசிய ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றை அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் லஃபார்ஜ் வழக்கில் சொன்னது. 2014 மார்ச்சுக்குள் அமைக்கக் கெடுவும் வைத்தது. அமையவில்லை.

அதுவரை இருக்கும் சட்டத்தில் நமக்குள்ள இடத்தை விட்டுவிடக் கூடாது. கூட்டத்தில் கூச்சல் குழப்பம் என்றால் லாபம் நமக்கில்லை. உள்ளூர் மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்லும் சூழல் இல்லை என்று வாரியம் அறிக்கை தந்தால், கருத்துக்கேட்பே வேண்டாம் என்று முடிவெடுக்க 2006 அறிவிக்கையில் வழி இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் கருத்துக்கேட்பு விளம்பரம் வந்தால் அறிக்கை முழுவதையும் கேட்டு வாங்குங்கள். ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் அது இருந்தாக வேண்டும். எத்தனை கிணறு, எந்த வாய்க்கால், எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் என்று தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு, கூட்டத்துக்கு முன்பே வாரியத்துக்கு அனுப்புங்கள். முடிவில் தொகுப்பைப் படித்துக்காட்டும் வரை மண்டபத்தை விட்டு எழாதீர்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே சொல்லிச் சேர்க்கச் செய்யுங்கள். அனுமதி ஆணை வந்த நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய உங்களுக்கு இருப்பது 30 நாள். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குப் பிறகு ஒரு நாள் தாமதமானாலும் வழக்கை எடுக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை.